ஓதி ஊதிய காற்று

விளக்கை அணைத்த பிறகுதான் அந்தச் சத்தம் கேட்டது. பலூனின் வாயை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்துக் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் ஒரு கீச்சொலி வருமே, அதை யாரோ தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு செய்வதுபோல. பல்லி என்று நினைத்தேன். பல்லி இப்படி இழுக்காது. மேல்வீட்டு மோட்டார் என்று நினைத்தேன். மோட்டார் போட்டால் சுவரே அதிரும். சிக்கந்தர் மச்சான் கட்டிலுக்குக் கீழே பாயில் படுத்திருக்கிறார், பிள்ளை பிறந்ததிலிருந்து அவருக்கு அங்கேதான் இடம், ஆனால் கட்டின புருஷனின் குறட்டை எனக்குத் தெரியாதா, அது ரோட்டில் ஜல்லி கொட்டுகிற மாதிரி இருக்கும். இது மெல்லியது. நின்று நின்று வருகிறது. நிற்கிற இடைவெளி ஒரு மூச்சின் இடைவெளி என்று புரிந்தது. மின்ஹா. மூன்று மாதப் பிள்ளை. குனிந்து அவள் நெஞ்சில் காதை வைத்தேன். நன்றாகக் கேட்க வேண்டும் என்று என் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பால் வாசனை, பவுடர் வாசனை, சின்ன இதயம் அதன் பாட்டுக்குத் தத்தித் தத்தி ஓடுகிறது, மூச்சு காய்ந்த இலைமேல் காற்று போவதுபோலச் சுத்தமாகப் போய் வருகிறது. சத்தம் இல்லை. அல்ஹம்துலில்லாஹ். நிமிர்ந்து மூச்சை விட்டேன். பலூன் கீச்சென்றது. மறுபடி பிடித்தேன், நின்றது. விட்டேன், வந்தது. எத்தனை தடவை அப்படிச் செய்தேனோ, ஒரு தடவையாவது வேறு பதில் வந்துவிடாதா என்று. வரவில்லை. சத்தம் என் நெஞ்சுக்குள்ளிருந்துதான் வருகிறது.

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன், என் மூச்சு சுவரில் படட்டும், சுவருக்குக் காய்ச்சல் வரட்டும். தொண்டையில் ஒரு முள் இருக்கிறது. எப்போதிலிருந்து? ராத்திரி சோறு சாப்பிடும்போது இருந்ததா? இருந்தது, ரசம் காரம் என்று நினைத்தேன். முதுகில் குளிர் ஓடுகிறது, மழைக்காலம்தானே என்று நினைத்தேன். நினைக்க எவ்வளவோ இருக்கிறது, மனசுக்குத் தெரியாமல் இருக்க வேண்டிய ஒன்றை மூடி வைக்க எத்தனை மூடி வேண்டுமானாலும் கிடைக்கும். சாயங்காலம் ஜன்னத்தக்கா ஃபோன் செய்தாள். "நீலு, பயப்படாத, ஒண்ணுமில்ல" என்றுதான் ஆரம்பித்தாள். என் கூடப்பிறந்தவளை எனக்குத் தெரியும், ஒண்ணுமில்ல என்று ஆரம்பித்தால் என்னவோ இருக்கிறது. "மூக்குக்குள்ள குச்சிய விட்டுக் குடைஞ்சு எடுத்தாங்கடி, மூளை வரைக்கும் போயிருக்கும், இருந்திருந்தா. ஃப்ளூவாம்." வெள்ளிக்கிழமை வந்தபோதே மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் வந்தாள். கேட்டதற்கு, "ஒட்டடை அடிச்சேன்டி, தூசி" என்றாள். சின்ன வயசிலிருந்தே எங்களுக்குத் தனித்தட்டு கிடையாது, அன்றைக்கும் ஒரே தட்டில் உட்கார்ந்தோம், நெற்றியோடு நெற்றி முட்டும் தூரம், மாமியார் கதை சொல்லிச் சொல்லி அவள் சிரிக்கச் சிரிக்க நான் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அக்கா, பிள்ளையத் தூக்கினியே." "எங்கடி தூக்க விட்ட? தூங்குது தூங்குதுன்னு காலை மட்டும் காட்டின, கஞ்சப்பிசினாறி. உனக்கு ஒண்ணும் இல்லையே?" "இல்ல." அப்போது இல்லைதான். அப்போது எனக்கு ஒன்றுமே இல்லை, நன்றாக இருந்தேன், துணி மடித்துக்கொண்டிருந்தேன். "அப்ப சரி. எதுக்கும் புள்ள மேல ஓதி ஊதிக்கிட்டே இரு. அத்தா இருந்தா அவரே வந்து" என்று சொல்லிவிட்டு நிறுத்தினாள். எங்களைப் பெற்ற அத்தா போய் ஒரு மழைக்காலம் ஆயிற்று. பிறகு அவள் இருமினாள். எனக்கு அந்த இருமல் ஃபோன் வழியாகக்கூட வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது, காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன், எவ்வளவு கெட்டிக்காரி நான்.

ஓதி ஊதினேன். மஃரிப் தொழுதுவிட்டு முஸல்லா விரிப்பை மடிக்காமலே அவளை மடியில் கிடத்தி, தெரிந்த சூராக்களையெல்லாம் ஓதி, ஒவ்வொன்று முடிந்ததும் மூச்சைச் சேர்த்து, உதட்டைக் குவித்து, உச்சியில் ஊதினேன், நெற்றியில் ஊதினேன், இரண்டு கையையும் ஏந்தி அதில் ஊதி அவள் முகத்திலிருந்து பாதம் வரை தடவினேன். பயம் வந்தால் ஊதினேன். அவள் தும்மினாள், ஊதினேன். தும்மவில்லை, அதற்கும் ஊதினேன். இஷா தொழுகை முடிந்து ஊதினேன். தூங்க வைக்கும்போது ஊதினேன். முகத்தில் ஊதினால் பிள்ளை என்ன செய்யும் என்று பிள்ளை பெற்ற எல்லாருக்கும் தெரியும். கண்ணை இறுக்கிக்கொண்டு திடுக்கிட்டு ஒரு மூச்சை உள்ளே இழுக்கும். மின்ஹா அப்படித்தான் இழுத்தாள். இழுத்துவிட்டுச் சிரித்தாள். பொக்கை வாய். அந்தச் சிரிப்புக்காக இன்னொரு தடவை ஊதினேன், அது ஓதலுக்காக ஊதியதுகூட இல்லை, என் ஆசைக்கு ஊதியது. அவள் இழுத்தாள். நான் விட்டதை அவள் இழுத்தாள். இருமல் வருவதற்கு முந்தின நாளே, உடம்பு நன்றாக இருக்கிறது என்று அவரவர் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, அது மூச்சில் வெளியே வர ஆரம்பித்துவிடும் என்று இந்த ஃபோனில்தான் போட்டிருக்கிறது, இப்போதுதான் போர்வைக்குள் வைத்துப் படித்தேன், சாயங்காலம் படித்திருக்கலாம், சாயங்காலம் எனக்கு ஓதத்தான் தோன்றியது. பயந்ததால்தான் ஊதினேன். பயப்படாமல் அலட்சியமாகத் தொட்டிலில் போட்டுவிட்டு டிவி பார்த்திருந்தால், ஒரு மோசமான தாயாக இருந்திருந்தால், அவள் இப்போது என்னிடமிருந்து தப்பித்திருப்பாள். யா அல்லாஹ், ஓதியது எந்த இடத்தில் முடிந்து எச்சில் எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது? உன் பெயரைச் சுமந்துகொண்டு போன அதே காற்று அதையும் சுமந்துகொண்டு போயிருக்குமா? போயிருக்கும். காற்றுக்கு எது தெரியும்.

பிளஸ் டூவில் எங்களுக்கு உயிரியல் எடுத்தவர் சிஸ்டர் பெலிசியா. நாகர்கோவில் பக்கம். கான்வென்டில் மாடல் வாங்கக் காசு கேட்டால் மதர் முறைப்பார் என்று எங்களையே மாடல் ஆக்கிவிடுவார். ஒருநாள் வகுப்பையே வராந்தாவில் இரண்டு வரிசையாக எதிரும் புதிருமாக நிறுத்தினார். "இது மூச்சுக்குழலாக்கும். நீங்க அதுக்கெ உள்ள முளைச்ச ரோமம். தூசி வந்தா மேல தள்ளணும், கீழ விடப்பிடாது, என்ன?" நனைத்த கைக்குட்டையில் ஒரு சாக்பீஸை வைத்தார், கைக்குட்டைதான் சளி, சாக்பீஸ்தான் அழுக்கு. நாங்கள் ரெட்டைச் சடையும் வெள்ளை ரிப்பனுமாகக் கையை அலைபோல ஆட்டி ஆட்டி அதை ஒருத்தியிடமிருந்து ஒருத்திக்குத் தள்ளி, லேப் வாசலிலிருந்து மாடிப்படி வரை கொண்டுபோய்ச் சேர்த்தோம். மாடிப்படிதான் தொண்டை. நீங்கள் தூங்கும்போதும் இந்த ரோமங்கள் தூங்காது என்று சிஸ்டர் சொன்னார், பிறந்த நாள் முதல் பெருக்கிக்கொண்டே இருக்கும். "இப்பம் ஃப்ளூ வந்தாச்சு" என்று சொல்லி வரிசையில் ஒருத்தியின் தலையைத் தொட்டார். தொடப்பட்டவள் பக்கத்தில் இருக்கும் இரண்டு பேரைத் தொட்டுவிட்டு உட்கார வேண்டும். அவர்கள் இன்னும் சிலரை. ஒரே சிரிப்பு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வரிசை பொலபொலவென்று உட்கார்ந்துவிட்டது. கடைசியில் நான் மட்டும் கையில் சாக்பீஸோடு நின்றேன், முன்னாலும் ஆள் இல்லை, எதிரேயும் ஆள் இல்லை. "சிஸ்டர், யார்கிட்ட குடுக்கிறது?" "யார்ட்டயும் குடுக்க முடியாது பிள்ளே. அதுக்குத்தான் உடம்பு இருமிப் பாக்குது." எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இப்போது என் தொண்டைக்குள் யார் யார் உட்கார்ந்துவிட்டார்கள்? வழிக்க ஆளில்லாமல் சளி அங்கங்கே நின்று, இடுங்கிய குழாய்க்குள் காற்று நுழையும்போதுதான் அந்தக் கீச்சுச் சத்தம். என் குழாய் பரவாயில்லை. மின்ஹாவின் மூச்சுக்குழல் ஜூஸ் குடிக்கிற ஸ்ட்ரா அளவுதான் இருக்கும், அதில் ஒரு சுற்று வீங்கினால் மீதி என்ன இருக்கும்? அவளுக்கு வாயால் மூச்சுவிடக்கூடச் சரியாகத் தெரியாது, மூக்கு அடைத்தால் பால் குடிக்க முடியாமல் விட்டுவிட்டு அழுவாள். நினைக்காதே. வேறு நினை. நினைக்க நினைக்க அதுதான் வருகிறது. நம் செல்லின் மேல்தோலில் சர்க்கரை மாதிரி ஒன்று நுனி நுனியாக நீட்டிக்கொண்டிருக்குமாம், இந்த வைரஸுக்கு அந்தச் சர்க்கரையைப் பிடிக்கவென்றே அளவெடுத்த கை. பிடித்துக்கொண்டு சும்மா இருக்கும். வலுவாக உடைத்துக்கொண்டு நுழைவதில்லை. ஏதோ சாப்பாடு வந்திருக்கிறது என்று செல்லே அதை விழுங்குகிறது. விழுங்கினதை ஜீரணிக்க உள்ளே புளிப்பு ஊறுகிறது, அந்தப் புளிப்புப் பட்டதும்தான் அதன் மூட்டை அவிழ்கிறது. எதை வைத்து அழிக்கப் பார்த்ததோ அதுவே அவிழ்த்துவிட்டது. பிறகு செல் தன் வேலையை மறந்துவிட்டு அதற்கு வேலை செய்கிறது, அதைப் போலவே ஆயிரம் பண்ணுகிறது, அவை வெளியே மொட்டு விட்டு, போகும்போது ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அந்தச் சர்க்கரை நுனியைக் கத்தரித்துவிட்டுப் போகின்றன. கெட்டிக்காரத்தனம் என்று நான் பரீட்சையில் எழுதி முழு மார்க் வாங்கினேன். அன்றைக்கு எனக்குப் பிள்ளை இல்லை.

போன மழைக்கு அத்தாவும் இப்படித்தான் ஒன்றுமில்லை என்று ஆரம்பித்தார். முப்பது வருஷம் டவுன் பஸ்ஸில் கண்டக்டர், ஊர்க்காரர்கள் எல்லாரும் அவர் மூஞ்சிக்கு நேரே இருமினவர்கள், "எனக்கு வராத சளியாம்மா" என்றார். கன்னத்தில் எப்போதும் ஒரு கிராம்பு அடக்கியிருப்பார். எனக்குச் சின்ன வயசில் காய்ச்சல் வந்தால் டியூட்டி முடிந்து காக்கிச் சட்டையோடு வந்து தலைமாட்டில் உட்கார்ந்து ஓதுவார், ஊதும்போது கிராம்பு வாசனை வரும், அந்த வாசனை வந்துவிட்டால் காலையில் பள்ளிக்கூடம் போக வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும், அவ்வளவு நம்பிக்கை. வயிற்றில் மின்ஹா இருந்ததால் என்னை ஆஸ்பத்திரிக்குள்ளே விடவில்லை. வாயும் வயிறுமாக இருக்கிறவளுக்கு இந்தக் காய்ச்சல் வந்தால் இரண்டு உயிருக்கும் ஆகாது என்று டாக்டரே சொல்லிவிட்டார். கேட்டுக்கு வெளியே ஆட்டோவில் உட்கார்ந்திருப்பேன். உள்ளே போய் வருவது மச்சான் மட்டும்தான். கடைசிக்கு முந்தின நாள் அத்தா ஆக்ஸிஜன் மாஸ்க்கை விலக்கிவிட்டு ஒரு தண்ணீர் பாட்டில் கேட்டாராம். மூச்சு வாங்க வாங்க ஓதி, பாட்டில் வாய்க்குள் ஊதி, மூடியைத் திருகி, நீலுவைக் குடிக்கச் சொல்லு என்று கொடுத்துவிட்டாராம். மச்சான் பாட்டிலோடு வெளியே வந்ததை ஆட்டோவிலிருந்து பார்த்தேன். கேட்டுக்கு உள்பக்கம் ஒரு புங்க மரம். அதன் கீழே நின்றார். சுற்றும் முற்றும் பார்த்தார், என்னைத் தவிர எல்லாப் பக்கமும் பார்த்தார். மூடியைத் திறந்து மரத்தடியில் ஊற்றினார், மெதுவாக, ஏதோ பாத்திரத்தில் ஊற்றுவதுபோலக் குனிந்து, ஒரு சொட்டுகூட நடைபாதையில் விழாமல். பிறகு குழாயில் கழுவினார், கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார், கடையில் போய் வேறு தண்ணீர் வாங்கி அதில் நிரப்பினார். கொண்டுவந்து, "மாமா ஓதிக் குடுத்தாரு, குடிப்பியாம்" என்றார். குடித்தேன். முழுவதும் குடித்தேன். கிராம்பு வாசனை இருக்கிறதா என்று நாக்கு தேடியது. ப்ளாஸ்டிக் வாசனைதான் இருந்தது. மறுநாள் அத்தா மௌத். இந்த வருஷம் முழுக்க ஒரு வார்த்தை அதைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது ஒரு வேலை, சோறு போடும்போது கேட்காமல் இருப்பேன், அவர் சட்டைக்குப் பொத்தான் தைக்கும்போது கேட்காமல் இருப்பேன். பிரசவ வலியில் அவர் கையைப் பிடிக்கச் சொன்னபோது, இந்தக் கைதானே ஊற்றியது என்று தோன்றி, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அத்தாவின் கடைசி மூச்சு மரத்துக்குப் போயிற்று. அதை நான் குடித்திருக்கலாம். குடித்திருந்தால், தெரியாது, அந்தத் தண்ணீருக்குள் என்ன இருந்தது, அது எவ்வளவு நேரம் தண்ணீரில் இருக்கும், தொண்டையில் இறங்குமா வயிற்றுக்குப் போய்ச் செத்துவிடுமா, யாருக்கும் தெரியாது, மச்சானுக்கும் தெரிந்திருக்காது. மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி மாட்டிவிடுகிற மனுஷர். பயந்தார், ஊற்றினார். நான் பயந்தேன், ஊதினேன்.

மின்ஹா புரண்டாள். கையை நீட்டிக் காற்றில் தேடுகிறாள், தூக்கத்திலேயே வாய் சப்புக்கொட்டுகிறது, இன்னும் கொஞ்ச நேரத்தில் பசிக்கு எழுந்துவிடுவாள். நான் முந்தானையை மூக்கின் மேல் இரண்டு மடிப்பாக இறுக்கிக் கட்டிக்கொண்டு, காலை நீட்டிப் பாயில் கிடந்தவரை இடித்தேன். "மச்சான். மச்சான், எந்திரிங்க." "என்ன, டயப்பரா?" "எனக்குக் காய்ச்சல்." லைட்டைப் போட்டு என் முகத்தைப் பார்த்ததும், "என்னடி, வழிப்பறிக்குப் போறவ மாதிரி இருக்க" என்றார், சொல்லி முடிப்பதற்குள் அவர் சிரிப்பு போய்விட்டது, ஜன்னத்தக்கா ஃபோன் செய்தது அவருக்கும் தெரியும். புறங்கையை நெற்றியில் வைக்க வந்தார். "தொடாதீங்க." தெர்மாமீட்டரை நானே அக்குளில் வைத்துக்கொண்டு இருவரும் அது கத்துவதற்காகக் காத்திருந்தோம். கத்தியது. பார்த்துவிட்டுக் காட்டினேன். "விடிஞ்சதும் டாக்டர்ட்ட போயிருவோம்" என்றார். "புள்ளையையும் காட்டிருவோம். அதுவரைக்கும் நீ பேசாம படு. நான் ஹால்ல வச்சுக்கறேன் இவள." "உங்களுக்கு வந்தா?" "எனக்கெல்லாம் வராது. போன மாசம் கடையில எல்லாருக்கும் வரிசையா ஊசி போட்டாங்கள்ல, நான் அழுதேன்னு வந்து சொன்னேனே." சொன்னார். அந்த ஊசியை நானும் கர்ப்பத்திலேயே போட்டிருக்க வேண்டும், சீட்டு எழுதிக் கொடுத்தார்கள், அந்த வாரம்தான் அத்தாவுக்கு எல்லாம் நடந்தது, பிறகு சீட்டு எங்கே போயிற்றோ. மின்ஹாவுக்கு ஆறு மாதம் ஆகாமல் போட மாட்டார்கள். வயிற்றில் இருக்கும்போதே என்னால் அவளுக்குக் கொடுத்திருக்க முடிந்த ஊசியின் காவலை நான் அழுதுகொண்டிருந்ததில் கொடுக்காமல் விட்டேன், கொடுக்கக் கூடாததை ஓதி ஓதிக் கொடுத்தேன். "ஊதினேன் மச்சான்" என்றேன், "சாயங்காலத்துலேருந்து ஊதிக்கிட்டே இருந்தேன், மூஞ்சியிலயே." "நானும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்" என்றார். "இன்னொரு வாட்டி ஊதுன்னுகூடச் சொன்னேன், சிரிச்சா பாரு, அப்ப." அதற்குப் பிறகு அவரால் என்னைப் பார்க்க முடியவில்லை, மாஸ்க் தேடுகிறேன் என்று அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டார், முதுகு மட்டும் அங்கே நின்றது.

கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினேன், நகக்கண்ணெல்லாம். கொதிக்க வைத்து எடுத்த கிண்ணத்தில் பாலைப் பீய்ச்சினேன், முகத்தைத் தோளுக்கு மேல் திருப்பிக்கொண்டு, கழுத்து வலிக்கும் வரை. பாலில் அது போகாது என்று போட்டிருக்கிறது. அதோடு சண்டை போடத் தெரிந்தவைதான் பாலில் போகுமாம், என் உடம்பு இப்போதிலிருந்து யாரைத் தயார் செய்கிறதோ அவர்கள் அவளுக்கும் போய்ச் சேருவார்களாம். ஒரே நெஞ்சு. ஒரு விரற்கடை தள்ளி மூச்சு, அதில் அந்த வைரஸ். கிண்ணம் ஒரு கையளவு நிறைவதற்குள் கை ஓய்ந்துவிட்டது. மச்சான் அதை மூக்கு வைத்த வெள்ளிப் பாலாடையில் ஊற்றிக்கொண்டார், ஜன்னத்தக்கா செய்து போட்டது. பிள்ளையை அவர் இடது கையில் சாய்த்து வைத்துக்கொண்டபோது தலை சரியாக முழங்கையில் பொருந்தியது. நான் கட்டிலின் இந்தக் கோடியில். "கொஞ்சம் கொஞ்சமா, ஓரமா விடணும், நடு நாக்குல ஊத்தாதீங்க, புரையேறும்." "தெரியும், தெரியும்." "மூச்சு வேகமா இருந்தா, விலா உள்ள போய்ப் போய் வந்தா, குடிக்கமாட்டேன்னா, உடனே கூப்பிடணும். விடியற வரைக்கும் நிக்கக் கூடாது." "தெரியும் நீலு." "மச்சான்." "என்ன?" "ஆஸ்பத்திரியில அந்தப் புங்க மரம்." பாலாடையை அவள் உதட்டிலிருந்து எடுத்தார். "எந்த மரம்?" "அதுக்கு நீங்க தண்ணி ஊத்தினீங்களே." மின்ஹா வாயைத் திறந்து திறந்து மூடினாள். மாஸ்க்குக்கு மேல் அவர் கண் மட்டும் தெரிந்தது, ஊரார் கண்ணுக்கெல்லாம் அளவு பார்க்கிறவர், தன் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். "பாத்தியா நீ?" "ஆட்டோலேருந்து எல்லாம் தெரிஞ்சுச்சு." "அப்பறம் ஏன் குடிச்ச?" "நீங்க குடுத்தீங்க." "மாமா மூஞ்சி என் கண்ணு முன்னாலயே நின்னுச்சு நீலு. மறுநாள் அவரக் குளிப்பாட்டறப்ப, உதட்டத் துடைச்சது நான்தான். அப்பக்கூட மனசுக்குள்ள சொன்னேன், மாமா, ஊத்திட்டேன்னு." மன்னித்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. மன்னிப்பு என்று அதற்குப் பெயரா என்றும் தெரியவில்லை. "அதையே எனக்கும் செய்யுங்க" என்றேன். "விடியறதுக்குள்ள நான் கேப்பேன். ஒரே ஒரு வாட்டி ஓதிட்டுத் தர்றேன்னு கேப்பேன், அழுவேன், அவளோட உம்மா நான்னு சண்டைக்கு வருவேன். தராதீங்க." "ரெண்டாவது தடவையும் என்னையே பண்ணச் சொல்றியா?" "வேற யாரு இருக்கா மச்சான்." அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். கதவைக் காலால் சாத்தினார், அது சரியாகச் சாத்திக்கொள்ளாமல் ஒரு கீற்று வெளிச்சத்தை விட்டு வைத்தது.

அந்தக் கீற்றில் அவர் நிழல் போவதும் வருவதும். படுத்தால் இருமல் வருகிறது, உட்கார்ந்தால் குளிர்கிறது. ஓதலாம், ஓதுவதற்கு ஊத வேண்டாம், ஓதியது ஊதினால்தான் போகுமா, ஊதாவிட்டால் இந்த அறைக்குள்ளேயே சுற்றிக்கொண்டு இருந்துவிடுமா, ஊதாமல் இருக்கிறவர்களின் துஆவை அல்லாஹ் எப்படிக் கேட்கிறான், பேச்சற்றவர்களின் துஆவை, மாஸ்க்குக்குள் இருக்கிறவர்களின் துஆவை. உதட்டை அசைக்காமல் ஓதினேன். ஓதி முடிந்த இடத்தில் மூச்சு தானாகச் சேர்ந்து உதடு தானாகக் குவிந்தது, பழக்கம், போர்வையைக் கடித்துக்கொண்டேன். அப்போதுதான் அவள் அழுதாள். முதலில் சின்னதாக, கேள்வி கேட்பது போல. "யாரு, யாரு அடிச்சா எம் பட்டுக்குட்டிய, அத்தா இருக்கேன்ல" என்று மச்சானின் குரல், பிறகு என்னவோ ராகத்தில் கண்ணாடிக் கடையின் விலைப்பட்டியலைப் பாடுகிறார், வேறு பாட்டு அவருக்குத் தெரியாது. பாலாடை அவளுக்குப் பிடிக்கவில்லை. அவளுக்கு வேண்டியது வெள்ளி இல்லை. அழுகை ஏறியது. ஏற ஏற என் சட்டை நனைந்தது, யாரும் கேட்காமல் பால் தானாக இறங்கி வயிறு வரை வழிகிறது, உடம்புக்கு எதுவும் தெரியாது, பிள்ளை அழுகிறது என்பது மட்டும்தான் தெரியும். எழுந்தது எனக்கு நினைவில்லை. கதவு திறந்திருந்தது. நான் ஹாலில் கால் வைத்திருந்தேன். முந்தானை கழுத்தில் கிடந்தது, மூக்கு திறந்திருந்தது, இரண்டு கையும் அவளுக்காக நீண்டிருந்தன. மச்சான் பிள்ளையோடு சுவரோரம் பின்வாங்கி அவளுக்கு முதுகால் மறைப்புக் கட்டிக்கொண்டு நின்றார். "நீலு" என்றார். கத்தவில்லை. "நீலு, வராதம்மா. உள்ள போ." அவர் தோளுக்கு மேலே மின்ஹாவின் ஒரு கை மட்டும் தெரிந்தது, ஐந்து விரலும் விரிந்து. அவளுக்கு என் வாசனை எட்டிவிட்டது போலிருக்கிறது, அழுகையை நிறுத்திவிட்டு விக்கினாள். இரண்டு எட்டுதான். யாரும் என்னைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை.

திரும்பாமல் பின்பக்கமாகவே நடந்து உள்ளே வந்தேன், முதுகு கட்டிலில் இடிக்கும் வரை. பிறகு கதவுக்குப் போய் அதைச் சாத்தினேன். மழைக்கு மரம் ஊறி உப்பிப்போய் நிலையில் உட்காரவில்லை, தாழ்ப்பாளின் முனை ஓட்டைக்குக் கீழே ஒரு நூல் தள்ளி இடித்துக்கொண்டு நின்றது. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அதைப் போட்டதில்லை, யார் யாரிடமிருந்து எதை மறைக்க. வெளியே அவள் மறுபடி ஆரம்பித்துவிட்டாள். "தாழ்ப்பாள் போடாத நீலு, உனக்கு உள்ள ஏதாச்சும் ஆச்சுன்னா?" "ஃபோன் கையில இருக்கு. நான் பேசலேன்னா ஒடச்சுட்டு வாங்க." "ஒடச்சா வீட்டுக்காரம்மா என்னை ஒடச்சிரும்" என்றார். நெற்றியைக் கதவில் வைத்தேன், மரம் குளிர்ச்சியாக இருந்தது, அந்தப் பக்கம் இவ்வளவு பக்கத்தில் அவள் அழுகை, பலகையின் கனம்தான் எங்களுக்கு இடையில். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக் கதவை முழுசாகத் தூக்கினேன், தோளைக் கொடுத்து நெருக்கினேன், இருமல் வந்தது, இருமி முடிக்கும் வரை அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு உள்ளங்கையால் தாழ்ப்பாளை ஓங்கி அடித்தேன். அது ஓட்டைக்குள் போய் விழுந்தது.